என்றால் சரிதான்

பதினாறு வருடமாக
அடுத்தவர் வாயில் வருவதைத் தட்டச்சு செய்கிறேன்.
பாரிமுனை. உயர் நீதிமன்ற வளாகத்தில்
செஷன்ஸ் கோர்ட்டு, மாடியில் மூன்றாவது அறை.
என் முதுகுக்குப் பின்னால்
ஒரு காலத்தில் ஜூரிகள் உட்கார்ந்த ஒன்பது நாற்காலிகள்.
ஜூரி போனது நான் பிறப்பதற்கு முன்.
இப்போது அவற்றில் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன,
நாடா கட்டிய இடுப்போடு,
எந்த முடிவுக்கும் வராமல்.

டவாலி மூன்று முறை கூப்பிட்டார்.
பாளையத்தம்மாள், பாளையத்தம்மாள்,
மூன்றாவது கூப்பிடுவதற்குள் வந்து நின்றாள்,
காசிமேட்டு வாசனையைக் கழுவிவிட்டு
மஞ்சள் பூசிக்கொண்டு.
ஐந்து வருடம், பத்தொன்பது வாய்தா.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் மீன் விற்கவில்லை.
நான் அவளை
அ.சா.2 என்று அடித்தேன்.
செத்துப்போன தேசப்பன் அவள் மகன்.
கூண்டில் நின்றவனுக்கு எங்கள் தமிழில் 'எதிரி' என்று பெயர்.
யாருக்கு எதிரி என்று எழுத
படிவத்தில் இடம் கிடையாது.

வெளியே தாழ்வாரத்தில்
ஏட்டு அவளிடம் சொன்னதைப் பாதி நானே கேட்டேன்:
'எரிஞ்சுதுன்னு சொல்லு, போதும்.'

எதிரி வக்கீல் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.
வயசு, தொழில், கண்ணாடி உண்டா.
கம்பத்துக்கும் உங்களுக்கும் எத்தனை அடி.
பிறகு, அம்மா, அன்றைக்கு அந்தத் தெரு விளக்கு?

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.
அதற்கு என் விசைப்பலகையில் எழுத்து இல்லை.

'எரியலைங்க. ரெண்டு நாளா எரியல.'

அரசு வக்கீல் பேனாவை மூடினார்.
'போலீசில் எரிந்தது என்று சொல்லியிருக்கிறீர்களே?'
'அவங்க எழுதிக்கிட்டாங்க.'
'அப்போ முகத்தைப் பார்க்கவில்லை.'
'மொகம் பாக்கல. செருமலைக் கேட்டேன்.
எட்டு வருசமா எங்கிட்ட மீன் வாங்கறவன்.
கடன் சொல்றப்பல்லாம் செருமுவான்.
அன்னிக்கும் செருமுனான்.'
யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்தார்,
சிரிப்பு நின்றது.
'அதையும் பதிவு செய்யுங்கள்' என்றார் என்னிடம்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

செய்தேன்.
எங்கள் நடையில், எங்கள் இலக்கணத்தில்:
சம்பவத்தன்று தெரு விளக்கு எரியவில்லை என்றால் சரிதான்.
நான் எதிரியின் முகத்தைப் பார்க்கவில்லை என்றால் சரிதான்.
நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.
படித்துக் காட்டினேன். கேட்டுத் தலையாட்டிப்
பெருவிரலை வைத்தாள்.
மை காயும்வரை விரலைத் தூக்கியே பிடித்திருந்தாள்,
புடவையில் படாமல்.

தீர்ப்பு நாற்பத்தோரு பக்கம்.
செருமலுக்கு ஒன்றரைப் பத்தி.
சந்தேகத்தின் பலன் எதிரிக்கு.
அந்தக் கடைசி வரியை அடித்ததும் நான்தான்,
நிறுத்தற்புள்ளி உட்பட.
அவன் கீழே விழுந்து வணங்கினான்,
நீதிபதியையா, அவளையா, தெரியவில்லை.
போகும்போது செருமினான்.
அறையில் இரண்டு பேர்தான் திரும்பிப் பார்த்தோம்.

படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.
'நான் சொன்னதை அப்படியே அடிச்சியா கண்ணு?'
அப்படியேதான் அம்மா.
'மாத்தி அடிச்சிருந்தா?'
நான் பேசவில்லை.
அவளே சொன்னாள்: 'வேணாம். நாளைக்கு
வேற எவ புள்ளையவோ
எரியாத வெளக்குல பாத்தேன்னு சொல்லுவாங்க.'
சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து
வெகுநேரம் அழுதாள்.
நான் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவள் செய்தது சரியா என்று
ஒன்பது நாற்காலியும் கேட்டால்
என்னிடம் ஒருமித்த பதில் இல்லை.

கடற்கரை ஸ்டேஷனில் ஆறு இருபது வண்டி.
ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
ராயபுரம் தாண்டும்போது
தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் கம்பங்களை எண்ணினேன்.
எல்லாம் எரிந்தன.
ஒன்று மட்டும்
எரியவில்லை என்றால் சரிதான்.